வார்டுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு கட்டில்

ஜி.என்.எம். டிப்ளமோ முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவும் பெற்ற செவிலியர் மீண்டும் நான்கு ஆண்டு படிக்க வேண்டியதில்லை. போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்ந்தால் இரண்டே ஆண்டில் பட்டம். அமெரிக்காவில் வேறு பட்டம் வைத்திருப்பவரை 12 முதல் 18 மாதங்களுக்குள் நர்ஸ் ஆக்கிவிடும் படிப்புகூட உண்டு. காலத்தைச் சுருக்கும் எந்தப் படிப்பிலும் பாடம் சுருங்குவதில்லை, தூக்கம்தான் சுருங்குகிறது. சேர்க்கை கிடைத்ததும் வீட்டில் பீஸைப் பற்றி நாள்கணக்கில் பேசுகிறார்கள். எங்கே தங்குவது என்பதை மட்டும் வகுப்பு தொடங்குவதற்கு முதல் நாள், தெரிந்தவர் ஒருவர் சொன்ன விலாசத்தை நம்பி முடிவு செய்கிறார்கள்.

வட சென்னையில் இந்த அவசரத்துக்கு விலை அதிகம். இங்கே வார்டு போஸ்டிங் என்றால் ஸ்டான்லி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை, தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை. மூன்றும் வட சென்னையின் தென்பாதியில் இருக்கின்றன. வாடகையோ வடக்கே போகப் போகத்தான் இறங்குகிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) வழியே வேலைக்கு வந்த தொகுப்பூதியச் செவிலியருக்கு 2015இல் மாதம் ரூ.7,700 தந்தார்கள். பிறகு அது ரூ.18,000 ஆனது. அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் படிக்க வருபவரின் கண் முதலில் போவது எண்ணூர், கத்திவாக்கம் பக்கம்தான். அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் கணக்கு தவறு.

காலை டூட்டிக்கு ஏழு மணிக்குள் வார்டில் நிற்க வேண்டும். கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில் ஒன்று தாமதமானால் ஹேண்ட்ஓவர் முடிந்துவிடும். சிஸ்டரிடம் திட்டு வாங்குவது இருக்கட்டும், இரவு எந்த நோயாளிக்கு என்ன ஆனது என்பதே தெரியாமல் அன்றைய வேலை தொடங்கும். சாலை வழி வந்தால் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே பேருந்து ஊர்ந்து வர வேண்டும். மாலையில் அதே பயணம் திரும்ப. அதற்குப் பிறகு கேர் பிளான், கேஸ் ஸ்டடி, மறுநாள் தேர்வு. நைட் டூட்டி முடித்துப் பகலில் தூங்க வேண்டிய பெண்ணுக்கு இந்தப் பயண நேரம் முழுக்கத் தூக்கத்திலிருந்துதான் போகும். தூக்கம் கெட்டவர் கையில்தான் ஊசியும் மருந்து அளவும் இருக்கின்றன என்பதை நோயாளியாகப் படுக்கப்போகும் நாமும் யோசிக்கலாம்.

காற்று இன்னொரு கணக்கு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் மூச்சுத் திணறி, கண் எரிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்திருந்தது. இரண்டு ஆண்டில் பட்டம் வாங்க வந்தவர் தெரிந்தே அங்கே அறை பிடிக்க வேண்டாம் என்பது நமது கருத்து. அங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணிடம் இதைச் சொல்ல நமக்கு வாய் இல்லை. ஆனால், 'நீ உள்ளூர்தானே' என்று சொல்லி விடுதி இடம் மறுக்கும் கல்லூரிகளுக்குச் சொல்லலாம். கத்திவாக்கத்திலிருந்து வரும் மாணவிக்கு விழுப்புரத்திலிருந்து வருபவருக்கு இணையாகக் கட்டில் தேவை.

ஆகவே எங்கே? முடிந்தால் ஸ்டான்லி இருக்கும் பழைய ஜெயில் ரோட்டிலிருந்து நடக்கும் தூரம். ராயபுரம் கல்மண்டபம், மணிக்கூண்டு, பழைய வண்ணாரப்பேட்டை. வாடகை கூடத்தான் செய்யும், அறையும் சிறிதாகத்தான் இருக்கும். எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முன்னால் கால் வைக்க இடம் இருக்காது. ஆனால் காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போகிறவர்களாலும் டீக்கடைகளாலும் விடியற்காலை மூன்று மணிக்கும் ஆள் நடமாட்டம் உள்ள பகுதி இது. நைட் டூட்டிக்குப் போய்வரும் பெண்ணுக்கு வெறிச்சோடிய 'நல்ல ஏரியா'வைவிட இது மேல். கட்டுப்படியாகவில்லையா, அடுத்தது மெட்ரோ: வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான தடம் 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டபின் காலடிப்பேட்டையும் திருவொற்றியூர் தேரடியும் பக்கமாகிவிட்டன. நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் அறை கிடைத்தால் எடுக்கலாம். அதைத் தாண்டி வாடகை குறைகிறதே என்று போக வேண்டாம்.

இவ்வளவும் மாணவிக்குச் சொல்லும் புத்திமதி. புத்திமதியோடு நின்றால் பழி முழுவதும் அவள் தலையில்தான் விழும். 'பேமிலிக்கு மட்டும்' என்று போர்டு மாட்டிய வீட்டுக்காரரிடம் அவள் என்ன வாதாடுவாள்? லேடீஸ் ஹாஸ்டலில் இரவு எட்டரைக்குக் கேட் பூட்டுகிறார்கள் என்றால் மாலை டூட்டி முடித்து வருபவர் எங்கே நிற்பார்? நான்கு பேர் ஷேரிங்கில் மூவர் பகலில் போனில் பேசிக்கொண்டிருந்தால் நைட் பார்த்தவர் எப்படித் தூங்குவார்? பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014இல் தமிழகம் தனிச்சட்டமே கொண்டுவந்தது. உரிமம், வார்டன், காவலாளி என்று அது பேசுகிறது. ஷிப்ட் பார்ப்பவர்களைப் பூட்டி வெளியே நிறுத்தாதே என்பதையும் உரிம நிபந்தனையில் சேர்க்க வேண்டும்.

கல்லூரிக்கும் பயிற்சி தரும் மருத்துவமனைக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர் இருக்கலாம் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வரையறுத்திருக்கிறது. மாணவி படுக்கும் இடத்திலிருந்து வார்டு எவ்வளவு தூரம் என்று யாரும் அளப்பதில்லை. இது ஒன்றும் புதுக் கோரிக்கை அல்ல. 1860இல் நைட்டிங்கேல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பள்ளி தொடங்கியபோதே பயிற்சி பெறும் பெண்கள் அங்கேயே தங்கினார்கள். கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 20 அன்று உச்ச நீதிமன்றம் அமைத்த தேசியப் பணிக்குழுவுக்குச் சொல்லப்பட்டவற்றில் இரவு 10 முதல் காலை 6 வரை மருத்துவப் பணியாளர்களுக்கு வாகன வசதி என்பதும் ஒன்று. மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்க வைத்துவிட்டால் அந்த வாகனத்துக்கே பெரிய தேவை இருக்காது.

பணம் இல்லை என்ற பேச்சு இங்கே எடுபடாது. 2024 மார்ச் 14 அன்று தங்கசாலையில் முதல்வர் தொடங்கிவைத்த வட சென்னை வளர்ச்சித் திட்டத்தின் அன்றைய மதிப்பு ரூ.4,181 கோடி. பணிபுரியும் பெண்களுக்கான அரசின் 'தோழி' விடுதிகள் அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரி என்று தெற்குப் பக்கத்தில் நல்ல பெயர் எடுத்திருக்கின்றன. அவற்றை நடத்தும் அமைப்பே ஸ்டான்லிக்குப் பக்கத்தில் செவிலியருக்கும் செவிலியர் மாணவியருக்கும் என்றே ஒரு விடுதி கட்டட்டும். நைட் பார்த்தவர்களுக்கு ஒரு தளம் தனியாக, சத்தம் இல்லாமல். நள்ளிரவிலும் திறக்கும் கேட். டூட்டி நேரத்துக்குச் சோறு போடும் மெஸ். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது ஸ்டான்லி மருத்துவமனை. பழைய ஆட்களுக்கு இன்னமும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். வந்தவருக்குச் சோறும் இடமும் தருவது அந்த வளாகத்துக்குத் தெரியாத வேலை அல்ல.

கட்டடம் எழும்ப ஆண்டுகள் ஆகும். அதுவரை, வட சென்னை மருத்துவமனைகளுக்கு மாணவிகளைப் பயிற்சிக்கு அனுப்பும் ஒவ்வொரு கல்லூரியும் ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ வீடுகளை வாடகைக்கு எடுத்துத் தங்கள் பொறுப்பில் விடுதி நடத்த வேண்டும். அதைச் செய்யாத கல்லூரிக்கு அடுத்த ஆண்டு போஸ்டிங் அனுமதி தரக் கூடாது. சுகாதாரத் துறை நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் முடிகிற காரியம் இது.