கையெழுத்திட்டவர் பதில் சொல்லட்டும்

நமது திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத்தில், 2025 செப்டம்பர் 30 அன்று இரும்பு வளைவு ஒன்று சரிந்தது. ஒன்பது தொழிலாளர்கள் இறந்தனர். அசாமிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். திட்டம் மாநில மின்வாரியத்தினுடையது. கட்டுமானப் பணி பொதுத்துறை நிறுவனமான பெல்லிடம் ஒப்படைக்கப்பட்டது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு முதலமைச்சர் தலா 10 லட்சம் ரூபாயும், பிரதமர் தலா 2 லட்சம் ரூபாயும் அறிவித்தனர். அது கடமை; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பணம் கொடுத்ததோடு கணக்கு முடிந்துவிட்டதாக அரசோ நிறுவனமோ கருதினால், அதை நாம் ஏற்க முடியாது.

இரும்புக் கட்டுமானம் முழுமையடைந்த பின்புதான் வலிமை பெறுகிறது. இரு பக்கமும் ஊன்றி, குறுக்குச் சட்டங்களால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட வளைவு பல்லாண்டு நிற்கும். அதே வளைவு பாதி வேலையில் நிற்கும்போது, கிரேனையும் தற்காலிக முட்டுகளையும் இன்னும் முழுதாக முறுக்கப்படாத போல்ட்டுகளையும் நம்பியே நிற்கிறது. இழுக்கப்படும் எஃகு நீண்டு கொடுத்து, ஆபத்தை முன்கூட்டியே காட்டும். அழுத்தம் தாங்கும் ஒல்லியான உறுப்பு அப்படியல்ல. பக்கவாட்டுப் பிடிப்பு இல்லையென்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் நெளிந்து மடிந்துவிடும். கீழே நிற்பவருக்கு ஓட அவகாசம் இராது.

ஆகவேதான், நிறுத்தும் பணியின்போது ஏறும் பாரத்தையும் வடிவமைப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 800. நிறுத்தும் பணியின் பாதுகாப்புக்கென்றே 1974-இல் ஐ.எஸ். 7205 என்ற தனி விதித்தொகுப்பும் வெளியானது. விதி இல்லை என்று யாரும் தப்பிக்க வழியில்லை. எண்ணூர் வளைவு ஏன் சரிந்தது என்று நாம் இங்கே முடிவு சொல்லவில்லை. அது விசாரணையின் வேலை. நாம் கேட்பது ஒன்றுதான். அன்றைய மாலையில் அந்த வளைவு இருந்த அரைகுறை நிலைக்கு யாராவது கணக்குப் போட்டிருந்தார்களா? போட்டிருந்தால், அந்தத் தாளில் இருக்கும் கையெழுத்து யாருடையது?

கனடாவின் கியூபெக் பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று, கட்டி முடிக்கப்படாத நிலையில் ஆற்றுக்குள் சரிந்து 75 பேரைக் கொன்றது. அவர்களில் 33 பேர் காவ்னவாகே என்ற ஒரே குடியிருப்பைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர். பாலத்தின் இடைவெளியை 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டியவர்கள், கூடிய எடைக்கு உரிய நேரத்தில் மறுகணக்குப் போடவில்லை. அழுத்தம் தாங்கிய சட்டங்கள் வளைவதைக் களத்தில் இருந்தவர்கள் பல நாள் முன்பே கண்டார்கள், வேலை நிறுத்தப்படவில்லை. அரசு அமைத்த ஆணையம் மறு ஆண்டே தன் அறிக்கையில் பொறுப்பாளிகளான இரண்டு பொறியாளர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அடுத்து வந்த பொறியாளர்கள் அதைப் படித்தே பாடம் கற்றார்கள்.

நம் நாட்டில் கட்டடக் கலைஞர்களுக்கு 1972 முதல் தனிச் சட்டம் உண்டு. உயிர்களைத் தாங்கும் தூணுக்குக் கணக்குப் போடும் பொறியாளரைப் பதிவு செய்து, தவறினால் உரிமத்தைப் பறிக்க, நாடு தழுவிய சட்டம் இன்றுவரை இல்லை. இது நாடாளுமன்றத்தின் பிழை. பல ஆட்சிகள் மாறியும் திருத்தப்படாத பிழை. எண்ணூர் விசாரணையின் முழு அறிக்கை தமிழிலும் அசாமிய மொழியிலும் வெளியிடப்பட வேண்டும். மகனை இழந்த குடும்பத்துக்குக் காரணத்தை அறியும் உரிமை உண்டு.

திருத்தணியில் இருப்பவர்கள் இதைத் தொலைதூரச் செய்தியாக எண்ணக் கூடாது. ஆடிக் கிருத்திகைக்கு எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூரிலிருந்தும், இப்பால் எத்தனையோ ஊர்களிலிருந்தும் காவடியோடு பெருங்கூட்டம் மலையேறுகிறது. நிழலுக்கென இரும்புக் குழாயும் தகரமும் கொண்டு கொட்டகை போட்டால், அதுவும் இரும்புக் கட்டுமானமே. மலைமுகட்டில் காற்றின் வேகம் சமவெளியைக் காட்டிலும் 1.36 மடங்கு வரை கூடலாம் என்று கணக்கிடச் சொல்கிறது இந்தியத் தர விதி. காற்றின் விசையோ வேகத்தின் இருமடியில் ஏறும். அதாவது ஏறத்தாழ 1.85 மடங்கு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிப் பழகிய ஊர் நம்முடையது. காற்று தகரக் கூரையைக் கீழே அழுத்துவதோடு நிற்காது, மேலே பிடுங்கவும் செய்யும். தூணின் அடி தரையில் கெட்டியாகப் பிணைக்கப்படாவிட்டால் கொட்டகையே எழும்பிவிடும். பந்தல்காரரின் கைப்பழக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் பத்தாயிரம் பேர் நிற்கும் இடத்தில் அந்தச் சுமை முழுவதையும் அவர் தலையில் கட்டுவது நியாயமல்ல.

எனவே, மலைமேல் எழும் ஒவ்வொரு கொட்டகையின் வாயிலிலும், அது எந்த வேகக் காற்றைத் தாங்கும், யார் கணக்கிட்டார், யார் வந்து சோதித்தார் என்ற விவரங்கள் எழுதித் தொங்க வேண்டும். மாவட்ட ஆட்சியரும் இந்து சமய அறநிலையத் துறையும் வரும் ஆடிக் கிருத்திகைக்கு முன்பே இதற்கான உத்தரவைப் பிறப்பிக்க வேண்டும். பெயர் கொடுக்க ஆளில்லாத கொட்டகைக்கு அனுமதி கூடாது.