விமான நிலைய நிலமும் உமர் (ரலி) அவர்களின் மேய்ச்சல் காடும்

சேலம் மாவட்டம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் 1993இல் ஒரு விமான நிலையம் திறக்கப்பட்டது. பல ஆண்டுகள் அங்கே பயணிகள் விமானமே வரவில்லை. 'உடான்' திட்டத்தின் கீழ் 2018 மார்ச்சில் சென்னைக்குச் சேவை தொடங்கியது. இடையில் அது நின்றுபோய், 2023 அக்டோபரில்தான் மீண்டும் விமானங்கள் வரத் தொடங்கின. இதே நிலையத்தை விரிவாக்கச் சுமார் 570 ஏக்கர் நிலம் வேண்டும் என்று அரசு கேட்டபோது, சுற்றுவட்டாரக் கிராமங்களின் விவசாயிகள் நிலத்தைத் தர மறுத்துப் போராடினார்கள்.

இதற்கிடையில், விமானி பயிற்சிப் பள்ளி நடத்தத் தனியாருக்கு இடம் ஒதுக்கும் விமான நிலையங்களின் பட்டியலில் சேலமும் சேர்ந்தது. செய்தித்தாள்களில் சிறு பெட்டிச் செய்தியாக வந்துபோன இந்த விஷயம், நாம் நின்று யோசிக்க வேண்டிய ஒன்று.

நேர அட்டவணைப்படி பறக்கும் பயணிகள் விமானங்கள் தவிர, சிறிய விமானங்களுக்கென ஓர் உலகம் இருக்கிறது. பயிற்சி விமானங்கள், தொழிலதிபர்களின் சொந்த ஜெட்டுகள், வாடகை விமானங்கள், ஏர் ஆம்புலன்ஸ் எல்லாம் அதில் அடக்கம். இவற்றை நிறுத்தக் கொட்டகை வேண்டும்; பழுது பார்க்கவும் எரிபொருள் நிரப்பவும் இடம் வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் நிலம், அதாவது பொதுமக்களின் நிலம்.

2021இல் மத்திய அரசு இந்தக் குத்தகை விதிகளைத் தளர்த்தியது. பயிற்சிப் பள்ளிகள் தம் வருவாயில் ஆணையத்துக்குத் தர வேண்டிய பங்கு நீக்கப்பட்டது. நில வாடகையும் சீரமைக்கப்பட்டது. பழுதுபார்ப்பு நிறுவனங்களுக்கு முன்பு 3 முதல் 5 ஆண்டுகளுக்குக் கிடைத்த நிலம், இனி திறந்த டெண்டர் மூலம் 30 ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது.

இதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் நாட்டு இளைஞர்கள் பல லட்சங்களைச் செலவழித்து வெளிநாட்டில் விமானி உரிமம் பெறுகிறார்கள். உள்ளூரில் பள்ளி வந்தால் அந்தப் பணம் இங்கேயே நிற்கும். விமானியாகும் கனவுள்ள பிள்ளைகள் நம் மஹல்லாக்களிலும் இருக்கிறார்கள். மூன்று ஆண்டுக் குத்தகையை நம்பி யாரும் பல கோடியில் கொட்டகை கட்ட மாட்டார்கள் என்பதும் உண்மை. ஆகவே, குத்தகைக்கு விடலாமா என்பதை விட, எந்த நிபந்தனையில் விடுவது என்பதே முக்கியமான கேள்வி.

நிபந்தனை தளர்ந்தால் என்னவாகும் என்பதற்கு டெல்லி ஓர் எச்சரிக்கை. அங்கே சுமார் 240 ஏக்கர் நிலம் வணிகப் பயன்பாட்டுக்காக, ஆண்டுக்கு 100 ரூபாய் வாடகையில் 60 ஆண்டுகள் வரை தனியார் வசம் போனதை மத்திய தலைமைத் தணிக்கையாளரின் 2012 அறிக்கை சுட்டிக்காட்டியது. அந்தக் காலத்தில் அந்நிலம் ஈட்டித் தரக்கூடியது 1,63,557 கோடி ரூபாய் என்றும் அது கணக்கிட்டது. அமைச்சகமும் நிறுவனமும் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. மொத்த வருவாயில் 45.99 சதவீதம் ஆணையத்துக்கு வருகிறதே என்பது அவர்கள் தரப்பு வாதம். அந்த டெல்லியில்தான் 2020 செப்டம்பரில் தனி ஜெட் பயணிகளுக்கென்றே நாட்டின் முதல் தனி முனையம் திறக்கப்பட்டது. கொரோனா காரணமாக வழக்கமான சர்வதேச விமானங்கள் நிறுத்தப்பட்டு, வளைகுடாவிலிருந்து ஊர் திரும்ப நம் சகோதரர்கள் சிறப்பு விமானங்களுக்குக் காத்துக் கிடந்த நேரம் அது.

பொது நிலத்தைத் தனியார் பயன்படுத்துவது குறித்து நம் வரலாற்றில் தெளிவான முன்மாதிரி இருக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அரசு ஒதுக்கி வைத்த மேய்ச்சல் நிலத்துக்கு (ஹிமா) ஹுனைய் என்ற தம் பணியாளரைப் பொறுப்பாளராக நியமித்தார்கள். அப்போது அவர்கள் இட்ட கட்டளை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே வைத்திருப்பவரை உள்ளே விடு. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப், உஸ்மான் பின் அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையாக இரு என்பது அதன் கருத்து. அவர்களுடைய கால்நடைகள் அழிந்தாலும் பேரீச்சந் தோப்பும் வயலும் இருக்கின்றன. ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பான் என்று காரணமும் சொன்னார்கள்.

அந்த இருவரும் சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட ஸஹாபாக்கள். அவர்களின் செல்வம் ஹலாலானது. ஆனாலும் பொது நிலம் என்று வந்தபோது, வேறு வழியுள்ளவர் பின்னால் நிற்க வேண்டும் என்றே உமர் (ரலி) தீர்மானித்தார்கள். அதே கட்டளையில் இன்னொன்றும் உண்டு. நான் அநியாயம் செய்துவிட்டதாக இந்த மக்கள் எண்ணுகிறார்கள். இது அவர்களின் மண்தான். பொதுத் தேவைக்கான வாகனப் பிராணிகள் மட்டும் இல்லாவிட்டால் ஒரு சாண் நிலத்தைக்கூட நான் வேலியிட்டிருக்க மாட்டேன் என்ற பொருளில் அவர்கள் மனம் திறக்கிறார்கள். ஓமலூர் விவசாயியின் முன் நிற்கும் ஆட்சியாளர் எவருக்கும் இருக்க வேண்டிய உள்ளச்சம் இது.

இந்த வெளிச்சத்தில் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். முதலாவது, வாடகை அந்தப் பகுதியின் சந்தை மதிப்புக்கு ஏற்றதா? இரண்டாவது, டெண்டரும் ஒப்பந்தமும் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடப்படுகின்றனவா? மூன்றாவது, பயணிகள் விமானத்துக்கும் ஏர் ஆம்புலன்ஸுக்கும் இடம் தேவைப்படும்போது முன்னுரிமை அவற்றுக்கா, ஜெட்டுகளுக்கா? நான்காவது, வாங்கிய இடத்தைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் திரும்பப் பெற வழி உண்டா? நபி (ஸல்) அவர்கள் பிலால் பின் ஹாரிஸ் (ரலி) அவர்களுக்கு வழங்கிய அகீக் நிலத்தில்கூட, அவரால் பயிரிட முடியாத பகுதியை உமர் (ரலி) திரும்பப் பெற்று மக்களுக்குப் பகிர்ந்தளித்தார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இக்கேள்விகளை அரசிடம் கேட்கும் தகுதி நமக்கு வர வேண்டுமானால், முதலில் நம் வீட்டைப் பார்க்க வேண்டும். வக்ஃப் நிலத்தை நீண்ட காலக் குத்தகைக்கு விட்டால் குத்தகைதாரர் நாளடைவில் சொந்தம் கொண்டாடுவார் என்று அஞ்சிய பிற்கால ஹனஃபி ஃபகீஹ்கள், நிலத்துக்கு மூன்று ஆண்டு, கட்டடத்துக்கு ஓர் ஆண்டு என்று வரம்பு வைத்தார்கள். சந்தை வாடகைக்கு மிகக் குறைவாக விடுவதையும் தடுத்தார்கள். அப்படியிருந்தும் எத்தனையோ ஊர்களில் பள்ளிவாசல் கடைகள் தாத்தா காலத்து வாடகையிலேயே பேரன் கையில் இருக்கின்றன. ஜமாஅத் கூட்டத்தில் அதைக் கேட்பவரைப் பகையாளியாகப் பார்க்கிறோம்.

பொது நிலம் ஓர் அமானிதம். அதன் ஒவ்வோர் ஏக்கருக்கும் மறுமையில் கணக்கு உண்டு. ஓடுதளத்தின் ஓரத்தில் இருக்கும் நிலமானாலும், பள்ளிவாசல் மதிலை ஒட்டிய கடையானாலும், குத்தகைப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படிப்பதிலிருந்து நம் பொறுப்பு தொடங்குகிறது. அடுத்த ஜமாஅத் கூட்டத்திலேயே அதைச் செய்யலாம். அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்கான துணிவைத் தருவானாக.