சொக்லேட் உலகத்துக்கு டிக்கட் என்ன விலை?

இங்கிலாந்துக்குப் போன நம் பிள்ளைகள் விடுமுறையில் சுற்றிப் பார்த்த இடங்களைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். பேர்மிங்ஹாமில் போர்ன்வில் என்ற இடத்தில் இருக்கும் ‘கெட்பரி வேர்ல்ட்’ அவற்றில் ஒன்று. ஊதா நிறச் சுவர், அதன் முன்னால் கை நிறைய சொக்லேட்டுடன் ஒரு குழந்தை. கொடுத்த காசுக்கு அது பெறுமதியா, இல்லையா என்று போய் வந்தவர்கள் தங்களுக்குள் தர்க்கம் பண்ணுகிறார்கள். தோட்டத்து ஆட்களுக்கும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வயது வந்தவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் ஏறக்குறைய இருபது பவுண். பவுணை 400 ரூபா என்று வைத்தால் 8,000 ரூபா. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் அது ஆறு பேர். ஞாயிறு தவிர்ந்த ஒரு கிழமை முழுக்க மலைக்குப் போய் நிறை குறையாமல் கொழுந்து கொடுத்தால், ஒரு ஆள் உள்ளே நுழையலாம்.

அந்தக் காசுக்குக் கிடைப்பது என்ன? அது 1990இல் திறந்த ஒரு கண்காட்சி. தொழிற்சாலை பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் டிக்கட் எடுத்தவர் பார்ப்பது அதை அல்ல. வாசலில் சில சொக்லேட் தருகிறார்கள். செயற்கைக் காட்டில் அஸ்டெக் மக்கள் கொக்கோ குடித்த கதை வருகிறது. சின்ன வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். உருக்கிய சொக்லேட்டை அச்சில் ஊற்றிக் காட்டுகிறார்கள். கடைசியில் பெரிய கடை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஒரு குழந்தை சிரித்ததற்கு நாங்கள் குறை சொல்லப் போவதில்லை. எங்கள் வழக்கு அங்கே சொல்லப்படும் கதையோடு.

கதை 1824இல் ஜோன் கெட்பரி பேர்மிங்ஹாமின் புல் வீதியில் திறந்த கடையிலிருந்து வருகிறது. அந்தக் கடையில் தேயிலையும் கோப்பியும் குடிக்கும் சொக்லேட்டும் விற்றார்கள். கோப்பிக்காக நம் முன்னோரை இந்த மலைகளுக்குக் கொண்டுவந்த தொடக்கம் என்று நாம் கணக்கிடுவது 1823. ‘மலையகம் 200’ என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்தார்கள். அடுத்த வருடம் கெட்பரியும் தன் 200ஐக் கொண்டாடியது. கடையும் கோப்பித் தோட்டமும் ஏறக்குறைய ஒரே வயது.

கெட்பரி குடும்பம் தன் தொழிலாளருக்கு நல்லதும் செய்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஜோர்ஜ் கெட்பரி 1890களில் போர்ன்வில்லில் தோட்டம் வைத்த வீடுகளை எழுப்பினார், பழமரங்களையும் நட்டுக்கொடுத்தார். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் பிறந்த நமக்கு அதைக் கேட்கும்போது பொறாமை வருவது நியாயம்.

ஆனால் அந்த நாட்களில் கம்பனி வாங்கிய கொக்கோவில் பாதிக்குக் கிட்ட வந்தது, போர்த்துக்கேயர் ஆண்ட சாவோ தோமே என்ற ஆபிரிக்கத் தீவிலிருந்து. அங்கே கொட்டை பறித்தவர்கள் அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம் என்று பேர், ஊர் திரும்பியவர் கிடையாது என்ற நிலை. இது அடிமைத்தனம் என்ற தகவல் வில்லியம் கெட்பரியின் காதுக்கு 1901இல் எட்டியது. கம்பனி அந்தக் கொக்கோவை நிறுத்தியது 1909இல். இடையில் எட்டு வருடம், விசாரணை, கடிதம், தூதுக்குழு. இதைக் குத்திக்காட்டிய ‘ஸ்டாண்டர்ட்’ பத்திரிகை மீது கெட்பரி மானநட்ட வழக்குப் போட்டு வென்றது. யூரிகள் கொடுத்த நட்டஈடு ஒரு ஃபார்திங், கால் பென்னி! அந்த மானத்துக்கு அவர்கள் போட்ட மதிப்பு அவ்வளவுதான். போய் வந்த உறவினரைக் கேளுங்கள், அந்தக் கால் பென்னியைப் பற்றி அங்கே யாராவது சொன்னார்களா என்று.

பழங்கதை என்று தள்ள முடியாது. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் விளைவது ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும், பெரும்பாலும் சின்னச் சின்ன நிலக்காரரின் கையில். 2024 ஏப்ரலில் உலகச் சந்தையில் ஒரு தொன் 10,000 டொலருக்கு மேல் போனது. அந்த மாதம் ஐவரி கோஸ்ட் அரசு விவசாயிக்கு நிர்ணயித்த விலை கிலோவுக்கு 1,500 பிராங், அதாவது தொன்னுக்கு 2,500 டொலர் அளவில். கொழும்பு ஏலத்தில் விலை ஏறும்போது நம் சம்பளத்துக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொக்கோவில் சிறுவர் வேலையின் மோசமான வடிவங்களை ஒழிப்போம் என்று சொக்லேட் கம்பனிகள் 2001இல் கையெழுத்துப் போட்டன. 2020இல் வந்த சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வு, இந்த இரண்டு நாடுகளிலும் 15 இலட்சத்து 60 ஆயிரம் சிறுவர்கள் கொக்கோவில் வேலை செய்வதாகக் கணக்கிட்டது.

இங்கிலாந்துத் தொழிலாளியும் தப்பவில்லை. கெய்ன்ஷாம் தொழிற்சாலையை மூடமாட்டோம் என்று சொல்லிக்கொண்டே அமெரிக்க கிராஃப்ட் கம்பனி 2010இல் கெட்பரியை வாங்கியது. வாங்கிய சில நாட்களிலேயே மூடுவதாக அறிவித்தது. வேலை போலந்துக்குப் போனது.

இப்போது நம் மலைக்கு வருவோம், ஏனென்றால் நம் கம்பனிகளும் இந்த வித்தையைப் படித்துவிட்டன. நுவரெலியா வீதியில் பஸ் பஸ்ஸாக வெள்ளைக்காரர் இறங்குகிறார்கள். ஸ்டோரைச் சுற்றிக் காட்டி, தேநீரும் சொக்லேட் கேக்கும் கொடுக்கிறார்கள் (கேக்கில் கொக்கோக்காரன், கோப்பையில் நாம்!). சுவரில் ஜேம்ஸ் டெய்லரும் லிப்டனும். நம் பெண்கள் கூடையோடு சிரிக்கும் படம் தேயிலைப் பெட்டியில் இருக்கும், அவளுக்கு அரைப் பேர் போட்ட நாள் எந்தப் பெட்டியிலும் இருக்காது. துரை பங்களா ஹோட்டலாகிறது. அதன் பின்னால் லயத்துக் கூரைத் தகரம் ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

பிள்ளைகளை ஒருநாள் எங்காவது கூட்டிப்போக வேண்டுமென்றால் கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்துக்குப் போங்கள். அங்கே லயக் காம்பராவையே தொழிலாளர் நூதனசாலை ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஆறு பேர் தேவைப்படாது.

தோட்டக் கமிட்டிகள் இந்த மாதக் கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வரவேண்டியவை: உங்கள் தோட்டத்தில் சுற்றுலாப் பயணிகளிடம் கட்டணம் வாங்குகிறார்களா, எவ்வளவு, அது யாருடைய கணக்கில் சேருகிறது. படம் பிடிக்க நிறுத்தி வைத்த பெண்களுக்கு அந்த நேரத்துக்கு நிறையில் தள்ளிக் கொடுத்தார்களா, இல்லை கொழுந்து குறைவென்று மடுவத்தில் பேரை வெட்டினார்களா. கங்காணியிடம் கேட்டு எழுதவேண்டாம், அந்தப் பெண்களிடமே கேளுங்கள். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இந்தக் கணக்கையும் வைக்கப் போகிறோம்.