கீழே இருந்தா மட்டமா?

'லோ மேன் ஆன் தி டோட்டம் போல்' - கடைசி ஆளை இங்கிலீஷ்ல இப்படித்தான் மட்டம் தட்டுவாங்க. நிஜம் வேற பாஸ்!

வட அமெரிக்கப் பசிபிக் கரையோரப் பழங்குடிகள் சிடார் மரத்துல செதுக்குற கம்பம்தான் டோட்டம் போல். காகம், கரடி, திமிங்கிலம்னு குலச் சின்னங்கள் ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்திருக்கும். மேலே இருந்தா உசத்தின்னு பொது விதி கிடையாது. கண்ணுக்கு நேரா வர்ற அடி உருவத்தைப் பல கம்பங்கள்ல தலைமைச் சிற்பியே செதுக்குவார்.

அலாஸ்காவுல சாக்ஸ்மன் ஊர்க் கம்பத்தோட உச்சியில யார் தெரியுமா? 1867-ல அலாஸ்காவை அமெரிக்காவுக்கு வாங்கின வில்லியம் சீவர்ட்! 1869-ல அங்கே போனவருக்கு டிலிங்கிட் தலைவர் விருந்து, பரிசுன்னு அசத்த, மனுஷர் பதில் மரியாதையே செய்யலை. அதைச் சொல்லிக்காட்டத்தான் உச்சியில ஏத்தி, மூக்கு, காதுக்குச் சிவப்பு அடிச்சுட்டாங்க.

இனி யாராச்சும் உங்களைக் 'கடைசி'ன்னா, எந்தக் கம்பத்துலன்னு கேளுங்க!