கடல்கொண்ட நிலமும் கதவடைத்த மனமும்

நெகிரி செம்பிலானில் சுங்கை காடுட் போன்ற தோட்டப்புறங்களில் தமிழர் வாழ்வைத் தாங்கிய தூண்கள் இரண்டு: கோயில், தமிழ்ப்பள்ளி. ஒன்று பத்தியையும் மற்றொன்று அறிவையும் வளர்த்தன. இரண்டிற்கும் இயல்பாகப் பகையில்லை. நம்பிக்கைக்கு அறிவியல் முத்திரை குத்த முயலும்போதே பகை மூள்கிறது. குமரிக்கண்டப் பேச்சே இதற்குத் தக்க சான்று.

மனித இனம் குமரிக்கண்டத்தில்தான் தோன்றியது என மேடைகளில் முழங்குவோர், அறிவியலும் அதனை ஒப்புகிறது என்பர். எந்த அறிவியல்? மடகாசுகரிலும் இந்தியாவிலும் உறவுடைய விலங்கினங்கள் காணப்படுவதற்குக் காரணம் தேடிய ஆங்கில விலங்கியலார் சிலேட்டர், இடையே ஒரு நிலப்பரப்பு இருந்திருக்கலாம் எனக் கருதி, 1864-இல் அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். அதுவே மாந்தரின் தொட்டிலாகலாம் எனச் செருமானிய அறிஞர் எக்கல் ஊகித்தார். 1912-இல் வேகனர் கண்டப்பெயர்ச்சிக் கொள்கையை வெளியிட்டார். 1960-களின் கடலடி ஆய்வுகள் அதற்கு வலுவூட்டின. ஒட்டியிருந்த இந்தியாவும் மடகாசுகரும் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. அப்போது மனிதனே இல்லை. அறிவியல் தன் ஊகத்தைத் தானே கைவிட்டது. அது எறிந்த ஊன்றுகோலையோ நம்மவர் இன்னும் பற்றி நிற்கின்றனர்!

எனினும், யாவும் கட்டுக்கதை என எள்ளுவோரும் திறந்த மனத்தினர் ஆகார். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழிக் காலத்தில், கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. மலாயாத் தீவக்குறை சுமத்திரா, சாவா, போர்னியோவுடன் ஒரே நிலமாய்க் கிடந்தது. குமரிமுனையை அடுத்த கரையோர நிலமும் பின்னர்க் கடலுள் மூழ்கியது. சிலப்பதிகாரம் சுட்டும் கடல்கோள் அத்தகைய நினைவின் எதிரொலியா என ஆராயலாம். ஆராய்வது வேறு, முடிவை முன்னரே கட்டிவைத்து மாணவர்மேல் ஏற்றுவது வேறு.

ஐயம் எழுப்பும் மாணவனை இனப்பற்றற்றவன் என்று வாயடைக்கும் ஆசிரியர், தமிழுக்கே ஊறு செய்கிறார். நாளை நிலநூல் பயிலும் அம்மாணவன், தமிழாசிரியர் உரைத்த மெய்களையும் பொய்யென ஒதுக்குவான். தொல்காப்பியமும் சங்கப்பாட்டும் கண்முன் நிற்கும் செல்வங்கள். அவற்றின் பெருமைக்கு மூழ்கிய கண்டம் பிணைநிற்க வேண்டுவதில்லை. இறைவழிபாட்டிற்கும் அத்தகைய பிணை வேண்டா.

கோயிலில் கைகூப்பும் மாணவனே வகுப்பறையில் கையுயர்த்திச் சான்று கேட்கட்டும். அவ்வினாவுக்கு அஞ்சாமல் விடைதேடும் ஆசிரியரிடமே தமிழ் தழைக்கும்.