கழுதையும் சித்திரக்காரரும்

தகப்பனும் மகனும் கழுதையை ஓட்டிச் சென்ற கதையை அறியாத குழந்தை நம் வீடுகளில் இராது. மகன் ஏறினாலும் வசை; தகப்பன் ஏறினாலும் வசை; இருவரும் ஏறியபோதும் வசை தீரவில்லை. ஊராரைத் திருப்தி செய்யப் புறப்பட்டவர்கள் கடைசியில் கழுதையையே இழந்தார்கள். இக்கதையிலிருந்துதான் 2016-ம் வருஷம் லண்டனில் நடந்த ஒரு சித்திரக் கண்காட்சிக்குப் பெயர் கிடைத்தது: 'எல்லோரையும் திருப்தி செய்ய முடியாது.'

கண்காட்சி நடந்த இடம் டேட் மாடர்ன் என்னும் கலைக்கூடம். முன்னாளில் மின்சார நிலையமாயிருந்த கட்டடம். சித்திரங்களைத் தீட்டியவர் நம் நாட்டுப் பூபேன் கக்கர். 1934-ல் பம்பாயில் பிறந்து, 1962-ல் பரோடாவில் குடியேறி, 2003-ல் காலமானவர். கணக்குப் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டே சித்திரம் எழுதினார். அவருடைய ஹாஸ்யமே அலாதி. 1972-ல் தம் கண்காட்சிக்கு வெளியிட்ட புஸ்தகத்தில் பயில்வான் வேஷத்தில் தம்மையே கேலிக்குரியவராக்கிக் காட்டினார்!

கடிகாரம் பழுது பார்ப்பவர், தையற்காரர், நாவிதர், ஜிலேபி தின்பவர் ஆகியோரே அவருடைய கதாநாயகர்கள். காலண்டர்ப் படங்களின் பளிச்சென்ற வர்ணங்களை இவர்களுக்கு வாரி வழங்கினார். முதலில் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் சற்று நேரம் நின்று பார்த்தால், தினமும் நாம் முகம் பாராமல் கடந்து செல்லும் மனிதர்களை ஒருவர் எவ்வளவு பரிவுடன் கவனித்திருக்கிறார் என்பது விளங்கும்.

கண்காட்சிக்குப் பெயர் தந்த சித்திரம் 1981-ல் எழுதியது. தகப்பனும் மகனும் கழுதையும் தெருவில் செல்ல, ஆடையில்லாத ஒருவர் மேல்மாடத்தில் நின்று அதைப் பார்க்கிறார். இதென்ன விபரீதம் என்று தோன்றலாம். ஆண்களிடமே காதல் கொள்ளும் தம் இயல்பை, ஊர் என்ன சொல்லுமோ என்று நெடுங்காலம் மறைத்து வைத்திருந்தவர் கக்கர். இனி ஒளிப்பதில்லை என்று துணிந்த காலத்தில் பிறந்தது இப்படம். மேல்மாடத்து மனிதர் மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவராக நிற்பதன் பொருள் இதுவே. பிற்காலத்தில் புற்றுநோய் வாட்டியபோது அந்த வேதனையையும் அவர் திரையிட்டு மறைக்கவில்லை; சித்திரமாக்கினார்.

லண்டன் கண்காட்சியைப் பலர் புகழ்ந்தார்கள். ஒரு பிரபல பத்திரிகையின் விமர்சகரோ கடுமையாகத் தாக்கி எழுதினார். கக்கர் உயிருடன் இருந்திருந்தால் வருந்தியிருப்பாரோ என்னவோ! கண்காட்சியின் பெயரே முன்கூட்டிப் பதில் சொல்லிவிட்டது.

விநோதமான சித்திரத்தைக் கண்டு குழந்தைகள் சிரித்தால், நேயர்களே, தடுக்க வேண்டாம். சிரித்து முடித்தபின் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள், அது போதும்.