எழுதினால் பெயர் நிற்கும்

திருமலை அன்னதானக் கூடத்தில் பந்திக்கு அமரும் நம் குடும்பங்கள் தரிகொண்டா வெங்கமாம்பா என்ற பெயரை அறியும். 18-ஆம் நூற்றாண்டில் பிறந்த அந்தக் கைம்பெண், ஊர் விதித்த கைம்மைக் கோலத்தை மறுத்தார். தெலுங்கில் 'வேங்கடாசல மகாத்மியம்' இயற்றினார். எழுதினார், பெயர் நின்றது.

1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தியோரில் பலர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். நம்மைப் போலப் பிழைக்கப் போன குடும்பத்துப் பிள்ளைகள். கேப்டன் லட்சுமியை நாடறியும். எழுத்தறியாத அந்தத் தோட்டத்துப் பெண்களில் எத்தனை பேரை நாமறிவோம்?

தோழர்களே! சித்தூரிலும் திருப்பதியிலும் நம் தாய்மார் பட்ட பாடும் அப்படியே மறைய விடலாமா? பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள். பாட்டி சொல்லட்டும், பேத்தி எழுதட்டும்.